காணாமையும் ஓர் அறமே

கண் காண்பதற்கென்றே அமைந்தது. ஆயினும், காணத் தகாததைக் காணாது விலகுவதும் கண்ணின் கடமையே. 'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை கண்ணடக்கத்தை ஆண்மையின் அளவுகோலாக்கியது இது பற்றியே.

விஜயபுரத்தில் நாம் முன்னர்க் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பொதுக் குளியலறை ஒன்றே. அதன் தகரக் கதவின் துளை வழியே பார்த்த அண்டை வீட்டு இளைஞன் ஒருநாள் பிடிபட்டான். பெரியவர்கள் அவனை அடித்தனர், துளையை அடைத்தனர், பெண்மக்களை விடியுமுன் குளிக்குமாறு பணித்தனர். பிழைக்க வந்த ஊரில் பெயர் கெடலாகாதென்று நாமும் வாய்மூடியிருந்தோம். மறு ஆண்டே வேறொரு சன்னலருகே அவன் மீண்டும் அகப்பட்டான். துளையை அடைத்த நாம் அவன் உள்ளத்தை எண்ணவில்லை. அந்தப் பெண்ணிடம், "உன்மேல் பிழையில்லை, அம்மா" என்று ஒருவரும் கூறவுமில்லை.

இக்குற்றத்தின் வேர் யாது? மறைவிலிருப்பவன் தான் காணப்படுவதில்லை என்னும் துணிவைப் பெறுகிறான். எதிரே இருப்பவள் தன்னைப்போல் நாணமும் அச்சமும் உடைய உயிர் என்பதை மறக்கிறான். அகப்படாத ஒவ்வொரு முறையும் அப்பழக்கம் வலுக்கிறது. சிலரிடம் இது அடக்கவியலாத மனநோயாகவும் முதிர்வதுண்டு. அதற்கு மருத்துவம் உண்டு. ஆனால் குற்றம் புரிவோர் அனைவரும் நோயாளர் அல்லர். நோய் என்பது பொறுப்பைத் துடைத்துவிடுவதும் இல்லை.

நீதியரசர் வர்மா குழுவின் அறிக்கைக்குப்பின், 2013ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவு சேர்க்கப்பட்டது. தனிமையை நம்பியிருக்கும் பெண்ணை ஒளிந்து பார்த்தலும், படமெடுத்தலும், அப்படத்தைப் பரப்புதலும் தனிக் குற்றமாயின. முதன்முறைக்கு 1 முதல் 3 ஆண்டுகள். மீண்டும் புரிந்தால் 3 முதல் 7 ஆண்டுகள் சிறை. படமெடுக்க இசைந்தவள் பரப்ப இசையாவிடில், பரப்புதல் குற்றமே. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. துளையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்ட இந்நாளில், ஒரு நொடிப் பார்வை அழியாத படமாகிவிடுகிறது.

எனினும் சட்டம் குற்றத்தின் பின்னரே வருகிறது. முன்னே வரவேண்டியது வீடு. திரையிடுமாறு மகளுக்குக் கூறும் நாம், விலகிச் செல்லுமாறு மகனுக்குக் கூறுகிறோமா? தவறிய பிள்ளையை அடித்து மறைப்பதைவிட, அவனைத் தவற்றை ஒப்புக்கொள்ளச் செய்து, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே மறுமுறை நேராமல் காக்கும் வழி. பாதிக்கப்பட்ட பெண் புகார் செய்ய விரும்பின், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாது உடன் நிற்பதும் நம் கடனே.

பூட்டு கதவைக் காக்கும். பிறர் மானத்தைக் காப்பது நாம் பிள்ளைகளுக்கு ஊட்டும் பண்பே.