கொடுவா மீனும் பொதுமை என்னும் வினாவும்

ஓர் உயிரினம் என்பது உண்மையாகவே உள்ள பொருளா, தனித்தனி உயிர்களைக் கண்டு மனம் இட்டுக்கொண்ட பெயரா என்ற வினாவில், பசுக்கள் அனைத்திலும் பசுத்தன்மை என்னும் அழியாத பொதுமை உறைகிறது என்று நியாய மரபினரும், பிறவற்றிலிருந்து விலக்கிக் காட்டுவதே பெயரின் வேலை என்று திக்நாகர் வழிவந்த பௌத்தரும் நெடுங்காலம் வாதிட்டனர். இவ்வழக்கில் கொடுவா மீன் அரியதொரு சாட்சி.

கழிமுகத்து உவர்நீரில் பிறந்து, நன்னீர் நோக்கி ஏறி வளரும் இம்மீன் பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின், விந்தகத் திசு சிதைந்து சூலகத் திசு தோன்றப் பெண்ணாகிறது. செதிலின் வளர்ச்சி வளையங்களோ இரு நிலைகளையும் ஒரே வாழ்வாகத் தொடர்ந்து பதிந்துவைக்கின்றன. ஆண், பெண் என்பவை இங்குப் பருவங்களே.

இனத்தின் எல்லை இன்னும் நுட்பமானது. துடுப்பிலிருந்து நகத்தளவு வெட்டி எரிசாராயத்தில் இட்ட துண்டுகளைக் கொண்டு, மீன் கூட்டங்கள் மரபணு வேறுபாடுகளை எவ்வளவு பகிர்ந்துகொள்கின்றன என்று அளக்கும் தொகை மரபியல், கொடுவாவில் இந்தியப் பகுதி, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா–பப்புவா நியூகினி என மூன்று கிளைகளை 2016இல் காட்டியது. 2012இலேயே இலங்கையின் மேற்குக் கரை மீன் லேட்டஸ் லக்திவா என்னும் தனி இனமாக விவரிக்கப்பட்டிருந்தது.

கிளை எந்த இடத்தில் இனமாகிறது என்பதற்கு மரபணுவில் கோடு ஏதும் இல்லை என்பதால் பௌத்தர் வாதமே வலுக்கிறது. ஆயினும் தமக்குள் கூடி ஈனும் கூட்டம், பெயரிடுவார் இல்லாவிடினும் கடலில் இருக்கவே செய்யும் என்பதால் நியாயத்தாரை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அவர்கள் தேடிய பொதுமை அழியாத பொருளாக இல்லாமல், கழிமுகத்தில் முட்டையும் விந்தும் சேருந்தோறும் புதிதாக உண்டாகும் உறவாக இருக்கிறது.