கேட்பது என்றால் என்ன?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் என் வகுப்பில் ஒரே பதில்தான் வரும். "புரிஞ்சுது சார்." 58 பேரும் சேர்ந்து சொல்வார்கள். ஆறு வருஷமாக இந்தக் கோரஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் வேளாங்கண்ணியில் பஸ் ஏறி, நாகப்பட்டினம் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாமாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் வயல் வேலைக்குப் போகும் வீடு, கடலுக்குப் போகும் வீடு. பலர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்களுக்கு இங்கே புத்தகம் இங்கிலீஷ். கை தூக்கினால் எழுந்து நிற்கணும். எழுந்தால் இங்கிலீஷில் சொல்லணும். சொன்னது தப்பாக இருந்தால் அந்த வாரம் முழுக்க ஹாஸ்டலில் அதுதான் பேச்சு. பிறகு எதற்குக் கை எழும்பும்?

போன வருஷம் துறையில், மாணவர்கள் வகுப்பிலேயே பதில் அனுப்பும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆசிரியர் நாலு விடையோடு ஒரு கேள்வியைத் திரையில் போடுவார். மாணவர்கள் அழுத்துவார்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று உடனே தெரியும். இதற்கென்றே சின்ன ரிமோட் மாதிரி கிளிக்கர்கள் உண்டு, செல்போன் செயலிகள் உண்டு, வெறும் காகித அட்டையும் உண்டு. எதை வாங்கலாம் என்பது விலைப்பட்டியல் விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் ஒரு செயலியை முயன்று பார்த்தோம். வகுப்பு கலகலவென்று ஆகிவிட்டது. சீக்கிரம் அழுத்துபவர்களுக்குக் கூடுதல் புள்ளி, முதல் ஐந்து பேரின் பெயர் திரையில். எனக்கு மட்டும் தெரியும் இன்னொரு பட்டியலும் இருந்தது: ஒரு கேள்விக்குக்கூடப் பதில் அனுப்பாதவர்கள். நான் செய்த தப்பு அங்கேதான். அந்தப் பெயர்களை வாசித்து எழுந்து நிற்கச் சொன்னேன். நாலு பேர் நின்றார்கள். "ஏம்மா, கிளாஸ்ல தூக்கமா?" என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்த பிறகு அவள் தோழி வந்து சொன்னாள்: "சார், அவகிட்ட போன் இல்ல சார். வீட்டுல ஒரே போன், அவங்க அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு."

அவளுக்கு விடை தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவே இல்லை. அவள் வீட்டில் எத்தனை போன் இருக்கிறது என்பதை 57 பேர் முன்னால் கேட்டிருக்கிறேன்.

இந்த முறைக்கு ஒரு கதை உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாசூர், நல்ல ஆசிரியர் என்று பேர் வாங்கியவர். விசை பற்றிய எளிய அடிப்படைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தபோது, கடினமான கணக்குகளைப் போடும் அவருடைய மாணவர்களே தடுமாறினார்கள். 1991 முதல் வகுப்பை மாற்றினார். ஒரு கேள்வி கொடுப்பார். முதலில் தனியாக யோசித்துப் பதில் சொல்லணும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடணும். மறுபடி பதில் சொல்லணும். 1997இல் இதைப் புத்தகமாக எழுதினார். கிளிக்கர் பரவியதில் இந்த முறைக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் 2008இல் நத்தானியேல் லாஸ்ரி, கிளிக்கர் பிடித்த வகுப்பையும் அட்டை பிடித்த வகுப்பையும் ஒப்பிட்டபோது, கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, வேலை செய்தது அந்த வாதாட்டம்தான்.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. 2006இல் மார்க் ஜேம்ஸ் இரண்டு வானியல் வகுப்புகளைக் கவனித்தார். ஒன்றில் சரியான விடைக்குத்தான் முழு மதிப்பெண், மற்றதில் தப்பானாலும் மதிப்பெண் குறையாது. மதிப்பெண் கெடுபிடி இருந்த வகுப்பில் விவரம் தெரிந்தவர் பேச, மற்றவர் அவர் சொன்னதையே அழுத்தினார். திரையில் தெரிந்த சதவீதம், வகுப்புக்கு உண்மையில் புரிந்ததைவிட அதிகம். நம்ம "புரிஞ்சுது சார்" கோரஸேதான், பொத்தான் வழியாக.

கருவி விற்க வந்தவர் பெருமையோடு சொன்னார்: "எந்த ஸ்டூடண்ட் எந்தக் கேள்விக்கு என்ன சொன்னாங்கன்னு மூணு வருஷத்துக்கும் சேமிக்கலாம் சார். இன்டர்னல் மார்க்கோட இணைச்சுக்கலாம்." எனக்கு 49-ஓ நினைவுக்கு வந்தது. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால் முன்பெல்லாம் வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டில் குறிக்கவைத்துக் கையெழுத்துப் போடணும். ஓட்டுப் போட்டவருக்கு ரகசியம் உண்டு, மறுத்தவருக்குக் கிடையாது. 2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. நோட்டா பொத்தான் வந்தது. வகுப்பிலும் சரியான விடைக்கு மறைப்பு தேவையில்லை. "தெரியல" என்பதற்குத்தான் தேவை.

கடைசியில் ப்ளிக்கர்ஸ் என்கிற காகித அட்டைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு கட்டம்போட்ட உரு. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. பக்கத்துப் பெஞ்சுக்குச் சட்டென்று விளங்காது. வகுப்புக்கு ஒரே ஒரு போன் போதும், என்னுடையது. எண்ணையும் பெயரையும் நான் இணைக்கவில்லை. தினமும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கொடுக்கிறேன். நாலாவது பக்கம் எப்போதும் "தெரியல".

சக ஆசிரியர் ஒருவர் விடவில்லை. "யாருக்குத் தெரியலன்னே தெரியாம எப்படிச் சார் உதவுவீங்க? ஒளிஞ்சே பழகினா நாளைக்கு இன்டர்வியூல என்ன பண்ணுவாங்க?" இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு என் பதில் எங்கள் ஊர்ப் பதில்தான். நாற்றங்காலில் விட்டு வைத்தால் கதிர் வராது, பிடுங்கி நடத்தான் வேணும். ஆனால் நாற்றங்காலே இல்லாமல் நடவு கிடையாது. அட்டையைத் தூக்கிய பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலேயே வாதாடச் சொல்கிறேன். முகம் அங்கே வெளியே வந்துவிடுகிறது. முதல் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சிலர் தானாக வந்து கேட்கிறார்கள். சிலர் வரவே மாட்டார்கள். அவர்களை இழக்கிறேன் என்பது உண்மை. பட்டியல் வைத்து எழுப்பி நிறுத்தியபோதும் அவர்களை இழந்துகொண்டுதான் இருந்தேன்.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் மேல் விசை என்ன என்று ஒருநாள் கேட்டேன். புவியீர்ப்பு மட்டும்தான் என்று சரியாகச் சொன்னவர்கள் 14 பேர். "தெரியல" 23. முந்தின நாள்தான் அதை நடத்தி, "புரிஞ்சுது சார்" வாங்கியிருந்தேன். அடுத்த பாடத்துக்குப் போகவேண்டிய நாள் அது. சிலபஸ் தள்ளிப்போகும், துறையில் கேள்வி வரும். எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத செலவு இதுதான். 23 அட்டைகளைப் பார்த்த பிறகும் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அந்தப் பிள்ளைகளை உண்மை சொல்ல வைத்து ஏமாற்றியதாக ஆகிவிடும்.

தமிழில் வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ஒரே சொல்தான்: கேட்பது. ஆறு வருஷம் நான் பாதியைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பந்தை மறுபடி எறிந்தேன்.