அகழெலியும் அறிவு வேட்கையும்

அறிவின்பொருட்டு ஐயறிவுயிரைக் கொல்லுதல் தகுமா? இங்கிலாந்தில் மண்ணுள் வாழும் 'மோல்' எனும் அகழெலியைக் கொன்று, தோலையும் மண்டையோட்டையும் அருங்காட்சியகத்தில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். உயிரற்ற உடலோ, அது விழித்திருந்த வேளையைக் கூறாது. கில்லியன் காட்ஃபிரே அம்மையார் அகழெலியின் வாலில் கதிரியக்க வளையம் பூட்டி, மீண்டும் வளையில் விட்டு, கைகர் கருவிகொண்டு நிலத்தின் மேலிருந்தே பின்தொடர்ந்தார். ஏறத்தாழ 4½ மணி நேரம் இயக்கம், 3½ மணி நேரம் ஓய்வு என இரவுபகல் பாராது அது மாறிமாறி வாழ்வதை 1955-இல் வெளியிட்டார்.

வளையமும் துன்பமே. அஹிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தலாகிய பந்தமும் ஒன்றன்றோ? எனினும் கொலையினும் அது சிறிது என்போம். கடினமான வினா வேறு: உழவர்க்காகப் பொறிவைப்போர் கொன்ற அகழெலிகளை ஆய்வாளர் பெற்று, வயிற்றை அறுத்து உணவை அறிந்ததும் உண்டு. கொன்றவர் அவரல்லர். ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றனுள், விலை கொடுத்து வாங்கின் அஃது உடன்படலே என்பது நம் துணிபு. வீணே எறியப்பட்டதை எடுத்தாராயின், நம்மால் குறைகூற இயலவில்லை.