பாடசாலை வாசலில் இரக்கமும் நீதியும்

வாசகரே, அங்கவீனமான பிள்ளையொன்றின் கையைப் பிடித்தபடி ஒரு தாய் அதிபரின் மேசை முன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதிபர் கொடியவரல்லர். “அம்மா, வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். பார்க்க ஆளில்லை. அடுத்த வருஷம் பாப்பம்” என்கிறார். தாயும் “சரி ஐயா” என்று திரும்புகிறாள். இங்கே யார் யாருக்குக் கடன்பட்டவர்?

இடம் கொடுத்திருந்தால் அதை அதிபரின் இரக்கம் என்றே அவள் எண்ணியிருப்பாள். ஆகவே மறுத்தபோதும் குறைசொல்ல நியாயமில்லையென்று எண்ணுகிறாள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. இரக்கத்தினால் கிடைத்த இடம், அதிபர் மாற்றலாகிப் போனதும் போய்விடும். பிள்ளைக்கு உரியதைக் கொடுப்பது இரக்கமன்று, அது நீதி.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 5 முதல் 14 வயது வரை பாடசாலை கட்டாயம் என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இல் 16 வயது வரை நீண்டது. பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் பெற்றோர் குற்றவாளிகள்; பாடசாலையே திருப்பி அனுப்பினால்? அங்கவீனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. அதை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்திலே மனுச் செய்யலாம்.

“கைதடிக்குக் கொண்டு போங்கோவன்” என்பது நம்மிடையே சுலபமான மறுமொழி. 1956இல் தொடங்கிய கைதடி நவீல்ட் பாடசாலையும், கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையும் செய்யும் தொண்டு பெரிது. ஆனால் அந்தத் தொண்டையே மற்றப் பாடசாலைகள் தங்கள் படலையைச் சாத்துவதற்குச் சாட்டாக்குவது அழகல்ல.

வசதியில்லை என்பது பொய்யா? அநேகமாகப் பொய்யல்ல. 1972இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலே ஏழு பிள்ளைகளின் சார்பில் நடந்த வழக்கிலும் கல்விச்சபை பணமில்லையென்றே சொல்லிற்று. பணம் குறைவென்றால் அக்குறையை எல்லாரும் பங்கிட வேண்டும், அங்கவீனமான பிள்ளையின் தலையில் மாத்திரம் அதிகமாகச் சுமத்தலாகாது என்பதே நீதவானின் தீர்ப்பு. மூன்றாண்டுகளில், 1975இல், நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. நமது அதிபரின் நாற்பது பிள்ளைகளுக்கும் இதுவே பதில்: ஆளில்லையென்றால் ஆள் கேட்க வேண்டிய இடம் கல்விப் பணிமனை.

இன்னொரு தயக்கம் இதைவிடப் பாரமானது. வழக்காடினால் இடம் கிடைக்கும், அன்பு கிடைக்குமா? மூத்த பிள்ளையும் அதே பாடசாலையில் படிக்கிறதே! அன்பை நீதிமன்றம் கட்டளையிட முடியாது, உண்மை. ஆனால் முகமே பாராத பிள்ளையிடம் எந்த ஆசிரியருக்கு அன்பு பிறக்கும்? ஊர்ப் பெரியவர்களோ “ஏன் பிள்ளை, பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுக்கிறாய்” என்று சமாதானம் பேச வருவார்கள். சமாதானம் என்ற சொல்லை நாம் மிக மலிவாய்ச் செலவழிக்கிறோம். அவர்கள் முதலில் அதிபரிடம் போய்ப் பேசட்டும்.

பெற்றோரே, மறுப்பை எழுத்திலே கேளுங்கள். தராவிட்டால் நீங்களே கடிதமெழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பாடசாலையானால் அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். தவணை ஒரே மாதம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் தவணையில் கணக்கிடப்படாது. முறைப்பாட்டுத் துண்டு மாத்திரம் போதாது. விசாரணை நடப்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதோருக்கென 1978இல் அமைந்தது சட்ட உதவி ஆணைக்குழு. “அடுத்த வருஷம் பாப்பம்” என்ற சொல்லை நம்பிக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு மாதம் முதலிலேயே போய்விடுகிறது.