இலை உதிர்ந்தாலும் எறிந்துவிடாதீர்கள்

(பொதுக்காலம் 29ஆம் வாரம், சனி – லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தி உவமையில், மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எரு போடும் வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறார். அவருடையது மண்வெட்டியோடு நிற்கும் பொறுமை.

ரொறன்ரோவில் வாழும் நமக்கு இந்த நற்செய்தி ஒக்டோபரின் பிற்பகுதியில் வருவது எவ்வளவு பொருத்தம்! கோடை முழுவதும் வெளியே தழைத்த கறிவேப்பிலையும் மல்லிகையும் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய காலம் இது. இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கும் முன்பே சாடிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். உறைபனி கொட்டிய பின் ஓடிப் பயனில்லை. எடுக்குமுன் இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, மாவுப்பூச்சியையும் சிலந்திப்பேனையும் கழுவ வேண்டும். தெற்கு யன்னலோரத்தில் இடம் ஒதுக்குங்கள். ஹீட்டரின் சூடு நேரே படக்கூடாது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் சுமார் 9 மணி நேரம்தான். வெளிச்சம் போதாவிட்டால் எல்இடி விளக்குப் போடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். வசந்தம் வரும்வரை உரம் வேண்டாம்.

இத்தனை செய்தும் ஜனவரியில் கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டி, வெறும் குச்சியாக நிற்கலாம். பட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிய மனம் வரும். பொறுங்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பகல் நீளும்போது துளிர்க்கும்.

நம் வீடுகளிலும் இப்படி நிற்பவர்கள் உண்டு. ஊரில் முற்றத்திலும் வேலியோரத்திலும் கதைத்துப் பழகிய அம்மாவும் அப்பாவும் நவம்பர் தொடங்கியதும் நாலு சுவருக்குள் அடைபட்டு, பேச்சுக் குறைந்து போகிறார்கள். கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகனைப் பார்த்து, 'எத்தனை வருடம் சொல்லியாயிற்று, இனி இவன் திருந்தமாட்டான்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நகத்தால் சுரண்டிப் பார்க்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை. ஆண்டவர் நமக்குத் தந்த தவணைகளை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஆகவே அன்பானவர்களே, குளிர் இறுகுமுன் இடம் ஒழுங்கு செய்யுங்கள். பெற்றோருக்கு வெயில் விழும் யன்னலோரத்தில் ஒரு கதிரை போடுங்கள். பனிநாட்களில் அவர்களைப் பூசைக்கு யார் கூட்டி வருவது என்று இன்றே பேசி முடிவெடுங்கள். விலகிப்போன பிள்ளையை, புத்திமதி எதுவும் சொல்லாமல், ஒருநேரச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். குளிர்காலத்தில் யாரிடமும் கனி கேட்காதீர்கள், உயிரைக் காத்துக்கொடுங்கள். கனி கொடுக்கும் காலத்தை ஆண்டவர் அறிவார். ஆமென்.