போட்டித் தூண்டிலும் நட்பின் கடப்பாடும்

பல்லாண்டுகளாக ஒரே படகில் ஏறி, ஒரே ஏரியில் தூண்டிலிட்டு வரும் நண்பர் இருவருள் ஒருவர் மற்றவரிடம், வருகின்ற பருவத்தில் இருவர் அணிச் சுற்றுப்போட்டியில் தாமும் சேர்ந்தாலென்ன என்று வினவுகின்றார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிக்கரை ஊர்களில் இது மிகச் சாதாரணமான வினா. கேட்கப்பட்டவர் உடனே கணக்கிடத் தொடங்குவார்: நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எரிபொருட் செலவை யார் ஏற்பது, படகு எவருடையது, வார இறுதிகளை வீட்டார் விட்டுக்கொடுப்பரா. இவை யாவும் விவேகம் சார்ந்த வினாக்கள். இவற்றுக்கு விடை காண்பது அரிதன்று. ஆயின் இவற்றின் அடியிலே ஒழுக்கம் சார்ந்த வினாவொன்று கிடக்கின்றது. நண்பன் போட்டித் துணையாகும்போது இருவருக்குமிடையே யாது மாறுகின்றது என்பதே அது.

1653 ஆம் ஆண்டில் ஐசாக் வோல்ற்றன் ஆங்கிலத்தில் வெளியிட்ட தூண்டிற்கலை நூல், அக்கலையைச் சிந்தனையாளனின் பொழுதுபோக்கு எனத் தன் தலைப்பிலேயே குறிக்கின்றது. அந்நூல் உரையாடலாக அமைந்தமை தற்செயலன்று எனலாம். வோல்ற்றனின் தூண்டிற்காரன் தனியனல்லன். வழியில் வந்து சேர்ந்தவனோடு பேசுகின்றான், கற்பிக்கின்றான், பிடித்த மீனைப் பகிர்ந்துண்கின்றான். அத்தகைய தோழமையில் மீன் அகப்படாத நாளும் வீணான நாளன்று. நாளின் முடிவில் எடைமேடை காத்திருக்கும்போதோ நிலைமை வேறு. நண்பனின் கைநழுவிய மீன் தனது இழப்பாகின்றது. முன்னர் நகைப்புக்கு இடமாயிருந்த அவனது பதற்றம் இப்போது குற்றமாகத் தோன்றுகின்றது. இதனாற் போட்டி தீதென்று முடிவுகட்டுதல் அவசரமாகும். ஒருங்கே முயலும்போதுதான் ஒருவர் மற்றவரின் திறமையை முதன்முறையாக உணர்ந்து மதிப்பதும் உண்டு.

இன்றைய வடிவிலான இப்போட்டிகளின் வரலாற்றிற் பெரும் பங்கு றே ஸ்கொட் என்பாருக்கு உரியது. 1967 இல் அவர் ஆர்கன்சோ மாநிலத்துப் பீவர் ஏரியில், பாஸ் எனும் நன்னீர் மீனுக்கான பெரும்போட்டியொன்றை நடத்தினார்; அடுத்த ஆண்டில் அதற்கெனச் சங்கமொன்றை நிறுவினார். 1972 முதல் பிடித்த மீனை உயிருடன் மீளவிடும் வழக்கத்தை அச்சங்கமே வலியுறுத்தியது. (மீனின் நோவு பற்றிய வினா தனிக்கட்டுரைக்கு உரியது, விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றுவதையே ஏற்காதவருக்குப் படகிற் துணை யார் என்னும் ஆராய்ச்சி எழவே எழாது.) ஈண்டு நோக்கத்தக்கது அச்சங்கத்தின் போட்டிகளில் நெடுங்காலம் நிலவிய பிறிதொரு முறையாகும். ஒரு படகில் ஏறும் இருவரும் குலுக்கல் மூலம் சேர்க்கப்பட்ட எதிராளிகள். தத்தம் மீனையே ஒவ்வொருவரும் நிறுப்பர். ஆதலின் மற்றவர் விதி மீறாது பார்த்துக்கொள்வதில் இருவருக்கும் தன்னலமே உண்டு. நட்பை நம்பாத ஏற்பாடு அது. எனினும் அதில் உண்மையான சாட்சி ஒருவர் இருந்தார்.

இருவர் அணிப் போட்டியில் அச்சாட்சி மறைந்துவிடுகின்றார். இருவரும் பிடித்தவற்றுள் நிறைமிக்க மீன்கள், பெரும்பாலும் ஐந்து, ஒன்றாக நிறுக்கப்படும், பரிசும் ஒன்றே. படகில் நிகழ்வதைக் காணக்கூடிய ஒரே மனிதர் அதனாற் பயன்பெறுபவராகவும் இருக்கின்றார். இலாபத்திற் பங்குள்ளவனின் சாட்சியத்தை எந்த நீதிமன்று முழுமையாக ஏற்கும்? வென்றவர்களைப் பொய்யறி கருவியின் முன் இருத்தும் வழக்கம் இப்போட்டிகளிற் பரவியமைக்கு இதுவே காரணம் எனலாம்.

2022 செப்டெம்பர் 30 அன்று ஓகையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரில், ஈரி ஏரியின் வோல்ஐ மீனுக்கான இருவர் அணிப் போட்டியொன்றின் எடையிடல் நடைபெற்றது. ஓரணியினரின் மீன்கள் உருவத்திற்கு ஒவ்வாத எடை காட்டின. நடத்துநர் கூடியிருந்தோர் முன்னிலையில் அவற்றை அறுத்தபோது, வயிற்றினுள் ஈயக்குண்டுகளும் வேறு மீன்களின் தசைத்துண்டுகளும் வெளிப்பட்டன. கைக்கெட்டவிருந்த பரிசு ஏறத்தாழ 28,000 டொலர். 2023 இல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒவ்வொருவருக்கும் பத்து நாட் சிறை விதிக்கப்பட்டது, மீன்பிடி அனுமதி மூன்றாண்டுக்கு இடைநிறுத்தப்பட்டது, படகும் பறிபோயிற்று. இந்நிகழ்ச்சியைப் பேராசைக்கு உதாரணமாகக் கூறுவோர் பலர். அதனினும் கருதத்தக்கது யாதெனில், சிறு படகொன்றில் ஒருவர் அறியாமல் மற்றவர் இதனைச் செய்தல் எளிதன்று என்பதாகும். அங்கே இருவர் இருந்தனர். தடுப்பவர் ஒருவரும் இருக்கவில்லை.

அரிஸ்டோட்டில் தம் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலில் நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என மூவகைப்படுத்துகின்றார். போட்டித் துணையை முதலாம் வகையுள் அடக்கிவிடப் பலரும் விரைவர். ஆயின் அந்நூலின் ஒன்பதாம் பகுதி வேறொரு வழியைத் திறக்கின்றது. நண்பன் இன்னொரு தான். தன் செயலினும் பிறன் செயலைக் காண்பது எளிது. சிலர் நண்பரோடு கூடிக் குடிக்கின்றனர், சிலர் சூதாடுகின்றனர், சிலர் வேட்டையாடுகின்றனர், சிலர் மெய்யியல் ஆராய்கின்றனர். இவ்வாறு கூடி வாழ்கையில் தீயோர் மேலும் தீயோராகவும் நல்லோர் மேலும் நல்லோராகவும் ஆகின்றனர் என்பது அவர் கருத்து. குலுக்கல் முறையிற் தன்னலம் செய்த காவலை, இருவர் அணியில் இத்தகைய நட்பொன்றே செய்யவல்லது.

தமிழ் மரபின் வழி நோக்குவார்க்கு இவ்விடர் இன்னும் கூர்மையாகத் தோன்றும். திருக்குறளில் நட்பாராய்தல் என்னும் அதிகாரம் ஆராயாது கொள்ளும் நட்பின் கேட்டை உரைக்கின்றது. அடுத்து வரும் பழைமை என்னும் அதிகாரமோ, நெடுநாள் நண்பர் உரிமையாற் செய்யும் பிழையைப் பொறுத்தலைப் போற்றுகின்றது. வோல்ற்றனின் ஆற்றங்கரையில் இவ்விரண்டுக்கும் முரணில்லை. அங்கே நண்பன் பிழை தன்னையே தாக்கும், தானே பொறுக்கலாம். போட்டியிலோ நண்பனின் பிழையால் இழப்பவர் ஏனைய படகுகளில் இருப்போர். அவர்களுக்கு நேர்ந்ததைப் பொறுக்கும் உரிமை அவனுடைய பழைய நண்பனுக்கு எங்கிருந்து வரும்?

ஆகவே, நண்பன் நம்பத்தக்கவனா எனும் வழக்கமான ஆராய்ச்சி போதாது. நெடுநாள் நண்பனைப் பற்றி அதற்கு எவரும் ஆம் என்றே விடையிறுப்பர். ஆராயப்படவேண்டியவர் ஆராய்பவரே. ஈயக்குண்டுகள் அரிதாகவே வரும்; சிறிய சோதனைகளே அடிக்கடி வருவன. நாள் முழுதும் வெறுங்கையோடு மிதந்தபின் அகப்பட்ட மீன், அளவுப் பலகையில் ஒரு நூல் குறைகின்றது. விதிப்படி அதனை நீரில் விடவேண்டும். பிடித்தவர் தயங்குகின்றார், மற்றவர், விட்டுவிடு என்கின்றார். அவ்வேளை பிடித்தவர் அச்சொல்லைத் தனக்குச் செய்த உதவியாகக் கொள்வாரா, அன்றி அடுத்த பருவம் வரை மனத்தில் வைத்திருப்பாரா? பின்னதே நிகழும் எனத் தன்னைப் பற்றி அறிந்தவர் அந்நண்பருடன் போட்டிக்குச் செல்லாதிருத்தலே நன்று.

மறுப்பதாயினும் மறுக்கும் முறை உண்டு. கட்டணம் அதிகம், நேரமில்லை என்று சொல்லித் தப்புதல் எளிது. அதனால் ஒருவரும் புண்படார். ஆனால் நண்பர் அடுத்த பருவத்தில் கட்டணத்தைத் தாமே செலுத்த முன்வருவார். அப்போது இன்னொரு பொய் வேண்டியிருக்கும். ஆதலின், தோற்கும் வேளையில் தான் எத்தகையவனாவான் என்பதில் தனக்கே ஐயமுண்டு என அன்றே சொல்லிவிடுதல் தகும். அதைக் கேட்டபின்னும் நண்பர் அழைப்பாராயின், இருவரும் பெயர்ப்பதிவுக்குச் செல்லலாம்.