பிரித்தறிதலும் பிரித்துவைத்தலும்

பத்தாந் தர ஆங்கிலப் பாடவேளையில் ஒரு மாணவி எழுந்து, "சேர், 'டிஸ்கிரிமினேட்டிங்' என்பது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?" என்று கேட்டாள். தரம் கண்டறியும் நுட்பமுள்ளவர் என்று பாராட்டவும், பாரபட்சம் காட்டுபவர் என்று கண்டிக்கவும் அந்த ஒரே சொல்தான். "இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும் மகள்" என்று சொல்லி உட்காரவைத்தேன். விடை பிழையல்ல, ஆனால் போதவில்லை.

எங்கள் பெல்மதுளையில் அதன் நல்ல பொருளை அறிய இரத்தினக்கல் வியாபாரிகளிடம் போகலாம். ரூபியும் சிவப்பு ஸ்பினெலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தானிய மகுடத்திலுள்ள 'கறுப்பு இளவரசரின் ரூபி' உண்மையில் ஒரு ஸ்பினெல். மாறாக, ரூபியும் நீலக்கல்லும் தோற்றத்தில் வேறு. பொருளில் இரண்டும் ஒரே குருந்தம். பால்போல் மங்கிய 'கெவுட'க் கற்களை நம்மவர் ஒருகாலம் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கி, சூடேற்றி நீலக்கற்களாக்கினார்கள். தேர்ந்த கண்ணும் தவறும் என்பதற்கு அதுவே சாட்சி.

கெட்ட பொருளை அறியச் சுற்றியுள்ள தோட்ட லயங்கள் போதும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஆளைப் பார்க்கவில்லை. தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அது இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு ஒதுக்கியது. எஞ்சியோருக்கு விடிவு தர 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

வியாபாரி கல்லைக் கையிலெடுத்துப் பார்த்த பின் பிரிக்கிறார். சட்டம் பாராமலே பிரித்தது. வேறுபாடு இவ்வளவுதான்.

சட்டத்தைக் குறைசொல்லும் நானும் அதையே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இரண்டு பரீட்சைத் தாள்களில் ஒரே கட்டுரை இருந்தது. ஒருவன் கடைவீதிப் பிள்ளை, மற்றவன் லயத்துப் பிள்ளை. விசாரிக்காமலே லயத்துப் பிள்ளையின் தாளில் சிவப்புக் கோடு இழுத்தேன். மறுநாள் கடைவீதிப் பிள்ளையே வந்து, "நான்தான் பார்த்தெழுதினேன் சேர்" என்றான். மற்றவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர்" என்றான். அவன் அதற்குப் பழகிப்போயிருந்தான். அதுதான் என்னை இன்றுவரை சுடுகிறது.

அதற்காக எல்லாம் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொள்ளலாமா? அப்படிச் செய்பவன் கல் வியாபாரத்துக்கும் ஆகான், புள்ளியிடவும் ஆகான். திருமறைக்கே 'அல்புர்கான்' என்றொரு பெயருண்டு. சத்தியத்தையும் அசத்தியத்தையும் பிரித்தறிவிப்பது என்பது அதன் கருத்து. ஆகவே பிரித்தறிதல் கடமை. பார்க்குமுன் பிரித்துவைப்பதே அநீதி. பார்த்த பின்னும் நம் கண் தவறலாம் என்ற அச்சம் வேண்டும்.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவிக்கு இதைச் சொல்ல வேண்டும். சிவப்புக் கோட்டின் கதையையும் சேர்த்தே.